நாலாம் கட்டில்காரர் எழுதிய நாவலும் நானும்

நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் எனக்கு மற்றதை எழுத ஓடும். அந்த நாவலைப் படித்துவிட்டு வருகிற ஒவ்வொருவரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு சிஸ்டர் அழுவாங்களே, அது நீங்கதானா?" என்பதுதான். சிஸ்டர் நான்தான். அழுதது நான் இல்லை. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் குடிநோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அழுவதற்கு அங்கே நோயாளிகளின் மனைவிமார்கள் இருந்தார்கள், அம்மாமார்கள் இருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து அழுதால் ஊசியை யார் போடுவது?

நாவலை எழுதியவர் பெரிய எழுத்தாளர். கதை படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பெயரை நான் சொல்லப்போவதில்லை. தன் குடியைப் பற்றித் தானே நாவலாக எழுதிவிட்டார். கதாநாயகனின் பெயர்தான் வேறு, மற்றதெல்லாம் நானேதான் என்று முன்னுரையிலும் சொல்லிவிட்டார். அது அவர் இஷ்டம். நோயாளியின் பெயரை வெளியே சொல்வது எங்கள் வேலையில் கிடையாது, ஓய்வு பெற்ற பிறகும் கிடையாது. எங்களுக்கு அவர் நாலாம் கட்டில். இந்தக் கட்டுரையிலும் அவர் நாலாம் கட்டில்காரர்தான்.

இப்போது அந்த வார்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். செவிலியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். அதில் ஒருத்தி, கவிதா, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், இதுல வர்ற சிஸ்டர் ரொம்ப ஒல்லியா, பெரிய பெரிய கண்ணோட இருக்காங்களே?" என்று இழுத்தாள்.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"சிரிக்காதீங்க. உங்களைக் கட்டிக்கிட்டப்ப நான் ஒல்லிதான்" என்றேன்.

"கண்ணு?" என்றார். அவருக்கு அன்று மதியம் ரசம் மட்டும்தான்.

நாவலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு, இரண்டாம் முறை நிதானமாக. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. குடிக்கிற மனிதனின் மனசுக்குள்ளே என்ன ஓடும் என்பதை இத்தனை வருஷம் கூடவே இருந்த எனக்கே அவர் சொல்லித்தான் சில இடங்களில் புரிந்தது. ஆனால் எங்கள் வார்டு நடைமுறையை எழுதிய இடங்களில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதோடு, அங்கே நடந்ததிலேயே பெரிய விஷயம் ஒன்று, அது நாவலில் எங்கேயும் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

என் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். விவசாயக் குடும்பம். பயிற்சி முடித்து, அறுவை சிகிச்சை வார்டு, பிரசவ வார்டு என்று சுற்றிவிட்டு இங்கே போட்டார்கள். "அய்யய்யோ, தண்ணி வார்டா?" என்று கூடப் படித்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். ஊரில் அதற்கு அதுதான் பெயர். ஆட்டோக்காரரிடம் குடிநோய் வார்டு என்றால் தெரியாது, தண்ணி வார்டு என்றால் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அறுவடை முடிந்து நெல் போட்டுக் காசு வந்த கையோடு வார்டு நிரம்பும். ஆற்றில் தண்ணீர் வந்து நாற்று விட ஆரம்பித்தால் பாதிக் கட்டில் காலியாகிவிடும். மாற்றல் கேட்டு எழுதிக் கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. காரணம் ஜமீலா மேடம்.

ஜமீலா மேடம் எங்கள் தலைமைச் செவிலியர். கூத்தாநல்லூர்க்காரர். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். மனசு நன்றாக இருந்தால், "ஏய் வசந்தா, இங்க வாடி" என்பார். கோபம் வந்துவிட்டால், "வசந்தா சிஸ்டர், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?" என்பார். அந்த 'வர்றீங்களா' காதில் விழுந்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் பயந்து ஓடுவேன். அவர் என்னைவிடச் சில வருஷம்தான் மூத்தவர். ஆனாலும் கடைசி நாள் வரை எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

குடிகாரன் என்ற சொல் அந்த வார்டில் கூடாது. ஒரு தடவை ஆயா ஒருவர், "அந்தக் குடிகாரன் வாந்தி எடுத்திருக்கான் மேடம்" என்று வந்து சொன்னார்.

"யாரு எடுத்தாங்க?" என்றார் மேடம்.

"அதான் மேடம், அந்த மூலையில இருக்க குடிகாரன்."

"அப்படி யாரும் இங்க இல்லையே. பேரு இருக்கும், இல்லாட்டி பெட்டு நம்பர் இருக்கும். போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஆயா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆறாம் பெட்டு மேடம்" என்றார். அதன் பிறகுதான் வாளியும் துணியும் நகர்ந்தன.

அவர் வைத்த இன்னொரு நடைமுறைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். வார்டு வாசலில் ஒரு மேசை. வெளியிலிருந்து வருகிற எதுவும் அந்த மேசையைத் தாண்டித்தான் உள்ளே வரும். சாப்பாட்டைத் திறந்து பார்ப்போம். பாட்டிலை முகர்ந்து பார்ப்போம். துணியென்றால் மடிப்பைப் பிரித்து, இரண்டு முனையைப் பிடித்து, இரண்டு தரம் உதறி, மறுபக்கம் திருப்பிக் காட்டுவோம். பிறகு வாசலில் நிற்கிற சிஸ்டர் சத்தமாக, "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். உள்ளே எல்லாக் கட்டிலுக்கும் கேட்க வேண்டும்.

உதறுவது எதற்கென்று எனக்குப் புரிந்தது. மகன் நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காத ஒரு தாய், வேட்டி மடிப்புக்குள் பாட்டிலை வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நாங்கள் கொடுத்த மாத்திரையும் அதுவும் சேர்ந்து, அந்தப் பையனுக்கு மூச்சே அடங்கிப்போய், அவனை மீட்பதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அந்தத் தாய் கெட்டவர் இல்லை. பாசம்தான். எங்கள் வார்டில் பாசம்தான் ஆளைக் கொல்லும். உதறுவது அதற்காக. ஆனால் சத்தம் போட்டுச் சொல்வது எதற்கு?

மேடத்திடமே கேட்டேன். "யாராச்சும் எதையாச்சும் கொண்டாந்துட மாட்டாங்களான்னு எதிர்பாத்துக்கிட்டுக் கெடக்குறாம் பாரு, அதுதாண்டி பெரிய கொடுமை. இன்னைக்கு இல்லைன்னு காதால கேட்டுட்டா மனுஷன் திரும்பிப் படுத்துத் தூங்கிருவான்" என்றார். அன்றிலிருந்து அந்த வார்டில் என் குரல்தான் பெரிய குரல்.

போலீஸ் அதிகாரி கொண்டுவந்த போர்வையை உதறியிருக்கிறோம். மருத்துவமனையின் பெரிய அதிகாரி தன் மைத்துனருக்குக் கொண்டுவந்த துண்டையும் உதறியிருக்கிறோம். ஆள் பார்த்து உதறுவது என்ற பேச்சே இல்லை.

இப்படிப்பட்ட வார்டுக்குத்தான் நாலாம் கட்டில்காரர் வந்து சேர்ந்தார். கும்பகோணத்திலிருந்து காரில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணிலே மஞ்சள், காலிலே வீக்கம். இடுப்பு வேட்டியை மனைவி கட்டிவிட்டிருந்தார் என்பது அந்த முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. நாங்கள் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் டாக்டர் பரிசோதித்துவிட்டு, டீச்சரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டு சொன்னார். "ஈரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கும்மா. இதோட நிறுத்துனா பொழைப்பார். இன்னொரு தடவை ஆரம்பிச்சா, அப்புறம் நான் பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"வீட்டுக்குத் திரும்பி வந்தா போதும் சார்" என்று மட்டும் டீச்சரம்மா சொன்னார்.

பெரிய மனிதர் ஆயிற்றே, தனி அறை கொடுக்கலாம் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். "தனி ரூமுக்குத் தனிக் கதவு இருக்கும் சார். அந்தக் கதவை யாரு பாக்குறது?" என்று மேடம் கேட்டுவிட்டார். அதனால் அவர் பொது வார்டில், நாலாம் கட்டிலில், ஒரு பக்கம் மரம் அறுக்கிறவரும் ஒரு பக்கம் லாரி டிரைவருமாகப் படுத்தார்.

நான் போய் நின்றதும், "என்னை யாருன்னு தெரியுமா சிஸ்டர்?" என்றார்.

"நாலாம் பெட்டுங்க ஐயா. ரெண்டு கையையும் நீட்டுங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் கையை நீட்டினார். விரல்களை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்போம். கை நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தாளின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு ஓரம் வரை போக வேண்டியிருக்கவில்லை. வைத்ததும் தாள் படபடவென்று அடித்துக்கொண்டு கீழே விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் தாளைக் கண்டா எனக்கு எப்பவுமே நடுக்கந்தான் சிஸ்டர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் வாய் மட்டும் குறையவில்லை.

பி-ஒன் வைட்டமின் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றுவோம். குடித்துக் குடித்துச் சத்தெல்லாம் போன உடம்பில் வெறும் குளுக்கோஸை முதலில் விட்டால் மூளைக்கு ஆபத்து. பிறகு நடுக்கத்துக்கு மாத்திரை, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே. பகலெல்லாம் மணிக்கொரு தரம் நாடி, ரத்த அழுத்தம், கை, கண், "இது எந்த இடம் ஐயா?" என்ற கேள்வி. இதையெல்லாம் நாவலில் 'ஊசிகளும் கேள்விகளும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இனி, சிஸ்டர் அழுவதாக எழுதியிருக்கிறாரே, அந்த மதகு விஷயம்.

சேர்ந்து இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு வண்டி போன கொஞ்ச நேரத்தில், அவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து இரண்டு காலையும் கட்டில்மேல் இழுத்துக்கொண்டார். கையிலிருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கிவிட்டார். "மதகைத் தெறங்கடா! நாத்து முங்குது! எல்லாம் முங்குதுடா!" என்று கத்தினார். அவர் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையில் நிலம் இருந்ததாம். வார்டுக்குள் வெள்ளம் ஏறிக்கொண்டு வருவதாக அவர் கண்ணுக்குத் தெரிகிறது. குடியை நிறுத்தியதும் சிலருக்கு இப்படி வரும். ஒருவர் பூச்சி என்பார், ஒருவர் போலீஸ் என்பார். இவருக்கு வெள்ளம்.

நாவலில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? அந்தப் பெரிய கண்காரி அவர் காதருகே குனிந்து, "மதகைத் திறந்துட்டேங்க, தண்ணி வடியுது" என்கிறாளாம். அவர் அமைதியாகித் தூங்குகிறாராம். அவளுடைய கண்ணீர்த்துளி அவர் நெற்றியில் விழுகிறதாம். அபாண்டம்! படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நோயாளி பார்க்கிற இல்லாத விஷயத்துக்கு ஆமாம் போடக் கூடாது, இல்லையென்று சண்டையும் போடக் கூடாது. இது நாங்கள் முதலில் கற்கிற பாடம். நாற்று முங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். என் அப்பா ஐப்பசி மழையில் வரப்பிலேயே நின்றவர். அதற்காக இல்லாத மதகை நான் எங்கே போய்த் திறப்பேன்?

நடந்தது இதுதான். மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். "ஐயா, இது ஆஸ்பத்திரி. நான் வசந்தா சிஸ்டர். உங்களுக்குத் தண்ணி தெரியுது, எனக்குத் தெரியலை. காலைக் கீழ வச்சுப் பாருங்க" என்றேன். வைக்க மாட்டேன் என்றார். மரம் அறுக்கிறவர் தன் கட்டிலிலிருந்து, "வைங்க சாமி, நானும் வைக்கிறேன்" என்று தானும் காலைத் தொங்கப் போட்டார். டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டுவிட்டு, நான் குனிந்து அவர் பாதத்தைப் பிடித்து மெதுவாகச் சிமெண்டுத் தரையில் வைத்தேன்.

"தரை எப்படி இருக்கு ஐயா?"

கால்விரல்களை அசைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சு கெடக்கு" என்றார்.

"காஞ்சுதான் இருக்கு."

கொஞ்ச நேரத்தில் மறுபடி வெள்ளம். மறுபடி குனிந்து, மறுபடி பாதம், மறுபடி தரை. அந்த மதியம் முழுக்க இதுதான். குனிந்து குனிந்து என் இடுப்பு கழன்றுவிட்டது. வெயில் தாழ்கிற நேரத்துக்கு அவரே காலைக் கீழே வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு மேலே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார். அப்போதுதான் மேடம், "இனிமே பொழைச்சுக்குவாருடி" என்றார். என் இடுப்பு வலியை நாவலில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? கண்ணீர்த்துளிதான் கிடைத்ததா?

அடுத்தடுத்த நாட்களில் தெளிந்துவிட்டார். இட்லி சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார், லாரி டிரைவரோடு ஆடுபுலி ஆட்டம் ஆடித் தோற்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்: "உடம்பு தேறிடுச்சுய்யா. ஆனா எழுத்து போயிடுச்சு. ஒரு வரி வரமாட்டேங்குது. உள்ள போனாத்தான் வெளிய வரும்." நான் நாடி பார்க்கும்போதும் இதே பாட்டு. "முதல்ல நாடி ஒழுங்கா வரட்டும்" என்பேன்.

அப்போதுதான் அவருடைய பிறந்தநாள் வந்தது. கும்பகோணத்தில் அவருக்கென்று ஒரு வாசகர் வட்டம் உண்டு. தலைவர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். நாலாம் கட்டில்காரரைவிட மூத்தவர், அவரை எழுத வைத்தவரே இவர்தான் என்று சொல்வார்கள். வார்டிலேயே பொன்னாடை போர்த்த மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு காலையில் நான்கைந்து பேராக வந்துவிட்டார்கள். மாலை, பழத்தட்டு, போட்டோக்காரர். பேராசிரியர் வெள்ளை ஜிப்பாவில், மடித்த பொன்னாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கோயிலுக்குப் பட்டு கொண்டுவருகிற மாதிரி வந்து நின்றார். வாசல் மேசையில் நான்.

"துணியைக் கொடுங்க சார். உதறிட்டுத் தர்றேன்."

"அம்மா, இது பொன்னாடைம்மா."

"தெரியுதுங்க சார். கொடுங்க."

"பொன்னாடையைப் போய் யாராவது உதறுவாங்களா? அவருக்குச் செய்யிற மரியாதைம்மா இது."

கூட வந்திருந்த எங்கள் அலுவலகத்து ஆள், "சிஸ்டர், சார் யாருன்னு தெரியாம பேசுறீங்க. விடுங்க, மேலயே சொல்லியாச்சு" என்றார். உள்ளே நாலாம் கட்டிலில் டீச்சரம்மா எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது பின்னாலிருந்து மேடத்தின் குரல்.

"வசந்தா சிஸ்டர், என்ன அங்க லேட்டு பண்றீங்க?"

'பண்றீங்க' என்றால் கோபம். ஆனால் அந்தக் கோபம் என் மேல் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பொன்னாடையின் இரண்டு முனையைப் பிடித்தேன். பேராசிரியர் விடவில்லை. நான் இழுக்க, அவர் இழுக்க, அந்தத் துணியின் கனத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே உதறு. ஈரிழைத் துண்டு ஒன்றில் சுற்றிய ஏதோ மேசைமேல் தொப்பென்று விழுந்து, துண்டு பிரிந்து, குவார்ட்டர் பாட்டில் ஒன்று உருண்டது.

வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. பாட்டில் மேசையின் விளிம்புக்குப் போவதற்குள் நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் மறைக்கவில்லை. அப்படியே கை கூப்பினார். "அவன் எழுதணும்மா. எழுதாம அவன் செத்துருவாம்மா. போன்ல அழுவுறான். ஒரு வாய், ஒரே ஒரு வாய் போனா எழுந்து உக்காந்துடுவான்னுதான். எனக்கு வேற ஒண்ணும் தெரியலைம்மா" என்று கண்ணில் நீர் வழியச் சொன்னார். அந்தத் தாயைப் போலத்தான் இவரும். அவர் வேட்டியில் கொண்டுவந்தார், இவர் பொன்னாடையில்.

நாலாம் கட்டில்காரர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது வரப்போகிறது என்று அவருக்கு முன்பே தெரியும். "ஏய்! நீ என்ன காவல்காரியா? அவரு யாரு தெரியுமா உனக்கு? இலக்கியம்னா என்னன்னு தெரியுமா?" என்று வார்டு அதிரக் கத்தினார்.

"இலக்கியம் தெரியாதுங்க ஐயா. ஈரல் தெரியும்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. நல்ல வசனம்தானே? நாவலில் இதை டாக்டர் வேறொரு இடத்தில் சொல்வதாக எழுதியிருக்கிறார்! நியாயமா இது?

பேராசிரியரைப் பார்த்துப் பேசியது டீச்சரம்மாதான். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க எல்லாரும் இத்தனை வருஷமா அவர் அடுத்த புத்தகம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் அவர் எப்ப வீட்டுக்கு வருவார்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இனிமே ஒரு எழுத்துகூட எழுத வேணாம் சார். சாயங்காலமானா வாசல்ல செருப்பு கெடக்கணும். அது போதும் எனக்கு."

பிடிபட்ட பாட்டிலுக்கும் எங்களிடம் ஒரு நடைமுறை உண்டு. கொண்டுவந்தவர் யாரோ அவர் கையால்தான் ஊற்ற வேண்டும். அதைச் சம்பந்தப்பட்டவர் பார்க்க வேண்டும். மேடம் பேராசிரியரைக் கை கழுவும் தொட்டி வரை கூட்டிக்கொண்டு போனார். அவர் மூடியைத் திறக்க முடியாமல் தவித்தார். திறந்து, முழுவதையும் ஊற்றினார். நான் குழாயைத் திறந்துவிட்டு, பினாயில் போட்டுத் தேய்த்தேன்.

அதோடு மேடம் அவர்களை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மேடம் அந்தப் பொன்னாடையை என் கையில் கொடுத்து, "மறுபடி உதறு" என்றார். உதறினேன், திருப்பிக் காட்டினேன், "சுத்தம்" என்று சொன்னேன். மேடம் அதை வாங்கிப் பேராசிரியரிடம் நீட்டி, "இப்ப போத்துங்க சார். பொறந்தநாள் அதுவுமா வந்திருக்கீங்க" என்றார். அவர் போர்த்தினார். நாலாம் கட்டில்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பொன்னாடைக்குள்ளே அவர் தோள் குலுங்கியது.

அந்த வார்டில் நான் எத்தனையோ பேரைப் பார்த்தேன். ஆனால் என் உத்தியோகத்தில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறாய் என்று கேட்டால், இந்த இரண்டு உதறலைத்தான் சொல்வேன். முதல் உதறல் என்னுடையது. இரண்டாவது ஜமீலா மேடத்துடையது.

நாலாம் கட்டில்காரர் தேறி வீட்டுக்குப் போனார். தவறாமல் பரிசோதனைக்கு வந்தார். நடுவில் ஒரு முறை வழுக்கி, மறுபடி குடித்தார். அதை நாவலிலேயே எழுதியிருக்கிறார். அப்போது யாரும் அவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. மறுநாளே தானாகப் பஸ் ஏறி வந்தார், பையைத் தானே மேசைமேல் வைத்துத் திறந்தார். அதன் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரை வார்டில் வந்து படுக்கிற நிலை அவருக்கு வரவில்லை. எழுதுகிறாரா என்று நானும் கேட்டதில்லை.

கேட்காமலே நாவல் வந்தது. ஊரெல்லாம் பேச்சு. கூத்தாநல்லூரில் மகனோடு இருக்கிற ஜமீலா மேடத்துக்குப் போன் போட்டேன். "படிச்சேண்டி. நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஒரு பொண்ணாக்கிட்டான். மூளை என்னுது, அழுகை மட்டும் உன்னுது" என்று சிரித்தார். அந்தப் பொன்னாடை விஷயத்தை ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டேன். "வெக்கமா இருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று முன்னுரையில் சொல்லிக்கொள்கிறவர், எங்கள் வேலையின் உச்சத்தை மட்டும் எடுத்துவிட்டாரே என்று.

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் அந்த நாவலுக்குப் பாராட்டு விழா. டீச்சரம்மாவே போன் செய்து, "மேடையில உங்களுக்கு மரியாதை பண்ணணும்னு சொல்றார் சிஸ்டர். கட்டாயம் வரணும்" என்றார். ஜமீலா மேடத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முட்டிவலி, பஸ் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். நான் வீட்டுக்காரரோடு போனேன். மண்டப வாசலில் கைத்தடியோடு ஒரு வயதானவர் என்னை நிறுத்தினார்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியாம என்ன சார்" என்றேன். பேராசிரியர். மெலிந்து பாதியாகியிருந்தார்.

"எல்லாத்தையும் எழுதுனான், அதை மட்டும் விட்டுட்டான் பாத்தீங்களா? நான் சொன்னேம்மா, எழுதுடான்னு. 'உங்க முகத்தை அப்படி எழுத எனக்குக் கை வரலை சார்'னுட்டான். எனக்காக விட்டான். நீங்களாவது எழுதுங்கம்மா. நான் உசுரோட இருக்கப்பவே எழுதுங்க."

அப்படியானால் அவர் வெட்கத்தினால் விட்டதல்ல, பாசத்தினால் விட்டது. எங்கள் வார்டில் பாசம் செய்த கேடுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது அப்படிப்பட்டதில்லை என்று மட்டும் புரிந்தது.

மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பேராசிரியர் தட்டில் மடித்த பொன்னாடையை நீட்டினார், நாலாம் கட்டில்காரர் எடுத்தார். பொதுவாக மடிப்பைப் பாதி பிரித்து அப்படியே தோளில் போட்டுவிடுவார்கள். அவர் போடவில்லை. மடிப்பை முழுவதும் பிரித்தார். இரண்டு முனையைப் பிடித்தார். ஒரு தரம் உதறினார். இன்னொரு தரம் உதறினார். பிறகு மறுபக்கம் திருப்பிக் காட்டினார்.

மண்டபத்தில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர் என்ன இது என்று காமிராவை இறக்கிவிட்டார். பேராசிரியர் மட்டும் கைத்தடியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வழிய வாய்விட்டுச் சிரித்தார். எழுத முடியாததை நாலாம் கட்டில்காரர் செய்து காட்டிவிட்டார் என்பது அந்த மேடையில் எங்கள் மூவருக்கும் கீழே டீச்சரம்மாவுக்கும்தான் தெரியும்.

அவர் துணியை விரித்துப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். வேலைப் பழக்கம், போகுமா? பொன்னாடையின் ஓரத்தைப் பார்த்தேன். ஓர் இழைகூட ஆடவில்லை.

எதற்காகக் காத்திருக்கிறார் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மைக் வேண்டியிருக்கவில்லை. வார்டு வாசலில் சொல்கிற அதே குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சுத்தம்!"

போர்த்தினார். அந்த சிஸ்டர் அழுகிற காட்சியை அடுத்த பதிப்பில் அவர் இந்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மறுக்க மாட்டேன்.